படத்தோடு லேயரையும் அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில், பழைய குடும்பப் படங்களைக் கைப்பேசியிலேயே அழகுபடுத்துவது பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். அடுத்த வாரக் கடிதங்களில் ஒரு வாசகர், "இதெல்லாம் பொய்ப் படம். இருக்கிறதை இருக்கிறபடி விடுங்கள்" என்று கோபப்பட்டிருந்தார். இன்னொருவர் எந்தச் செயலி நல்லது என்று கேட்டிருந்தார். கோபப்பட்டவருக்கும் கேட்டவருக்கும் சேர்த்து என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதில்தான். வெட்டுவதென்றால் நடுவில் வெட்டுங்கள், கடைசியில் இருக்கும் வேண்டுகோளை மட்டும் வெட்டாமல் போடுங்கள்.

சங்கரன்கோவிலில் என் வீட்டுக்காரர் ஸ்டுடியோ வைத்திருந்தார். நான் அங்கே நெகட்டிவ் டச்சிங், அதாவது பிரிண்ட் போடுவதற்கு முன்னால் பிலிமிலேயே முகத்தைத் திருத்தும் வேலை, செய்தவள். இப்போது மகன் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் ஜிம்ப் என்கிற இலவச மென்பொருளைப் போட்டு, டிஜிட்டல் ஸ்கிராப்புக் செய்துகொண்டிருக்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு புகைப்படம், அந்த நாளின் பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகையின் மூலை, சேலைக் கரை, கைப்பட எழுதிய நாலு வரி, இதையெல்லாம் ஸ்கேன் செய்து ஒரே பக்கத்தில் அடுக்கி, நிழல் கொடுத்து, ஓரம் கட்டி, அச்சடித்தோ அடிக்காமலோ வைத்துக்கொள்வது. எங்களுக்குள் ஒரு சின்னக் கூட்டம் உண்டு. தூத்துக்குடியில் வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு பெண், மலேசியாவின் ஈப்போவில் ஒரு டீச்சர், கோவில்பட்டியில் பிரஸ் வைத்திருக்கும் ஒரு தம்பி. செய்ததை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வோம். இந்த அனுப்பிக்கொள்வதைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

முதலில் பொய்ப் படம் என்றவருக்கு. ஐயா, நாங்கள் ஸ்டுடியோ நடத்திய காலத்தில் திருத்தாத முகம் எங்கள் கடையை விட்டு வெளியே போனதே இல்லை. நெகட்டிவில் கறுப்பாக இருப்பது பிரிண்டில் வெளுப்பாக வரும். ஒருவருக்கு அம்மைத் தழும்பு இருக்கிறது என்றால், நெகட்டிவில் அந்த இடம் கண்ணாடி மாதிரித் தெளிந்து நிற்கும். அங்கே ஊசி முனையாகச் சீவிய பென்சிலால் மெல்ல மெல்லப் புள்ளி வைத்து நிரப்ப வேண்டும். பென்சில் பிடிப்பதற்கு முதலில் வார்னிஷ் போன்ற ஒரு மருந்தைப் பஞ்சில் தொட்டுத் தடவுவோம். அடியில் இருந்து வெளிச்சம் வரும் சாய்வு மேசை, ஒரு பூதக்கண்ணாடி. கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், முழுக்க எடுக்கக் கூடாது. முழுக்க எடுத்தால் ஆள் மாறிவிடுவார். பெண் பார்க்கும் போட்டோ என்றால் கூடுதலாகப் போடச் சொல்லி அம்மாமார்கள் கெஞ்சுவார்கள். கேட்டபடியெல்லாம் போட்டால் முகம் கத்தரிக்காய் மாதிரி வழவழவென்று ஆகிவிடும். இன்றைக்குப் போனில் வருகிற அழகு வடிகட்டி செய்வதும் அதே கத்தரிக்காய்தான்.

இன்னொன்றும் செய்வோம். தாத்தா தனியாக ஒரு படமும் எடுத்துக்கொள்ளாமலேயே போய்ச் சேர்ந்திருப்பார். யாரோ எடுத்த கல்யாண குரூப்பில், மூன்றாவது வரிசையில் அவர் தலை மட்டும் தெரியும். அதைப் பெரிதாக்கி, வெட்டி, பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படத்தின் பக்கத்தில் ஒட்டி, உடம்புக்கு ஒரு சட்டையும் அங்கவஸ்திரமும் தூரிகையால் வரைந்து, ஒட்டின இடம் தெரியாமல் பூசி, அதை மறுபடி கேமராவில் படம் எடுத்துப் பிரேம் போட்டுக் கொடுப்போம். தென்மாவட்டங்களில் பல வீட்டுச் சுவர்களில் ஜோடியாகச் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிகளில் பாதிப் பேர் கேமரா முன்னால் சேர்ந்து உட்கார்ந்ததே கிடையாது. அதைப் பொய் என்று யாரும் சொன்னதில்லை. மாலை போட்டுச் சாம்பிராணி காட்டினார்கள்.

ஆனால் அதில் ஒரு ஒழுங்கு இருந்தது, அதைத்தான் சொல்ல வருகிறேன். பென்சில் வேலை பிடிக்கவில்லை என்றால் டர்பென்டைன் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும், பழைய நெகட்டிவ் அப்படியே இருக்கும். தாத்தாவின் தலை இருந்த குரூப் போட்டோவுக்கு ஒன்றும் ஆகாது, வெட்டினது நாங்கள் போட்ட நகலைத்தான். ஒவ்வொரு நெகட்டிவும் ஒரு காகித உறைக்குள், நம்பர் போட்டு, மரப்பெட்டியில் இருக்கும். திருத்தின படம் வீட்டுக்குப் போகும், திருத்தாதது எங்களிடம் இருக்கும்.

கம்ப்யூட்டரில் லேயர் என்று ஒன்று, அதாவது படத்தைத் தனித்தனி அடுக்குகளாக வைத்துக்கொள்ளும் வசதி, வந்தபோது எனக்கு அது அந்நியமாகத் தெரியாததற்குக் காரணம் இதுதான். போட்டோஷாப்பை எழுதிய தாமஸ் நோல், ஜான் நோல் என்கிற அண்ணன் தம்பிகளின் அப்பா வீட்டிலேயே இருட்டறை வைத்திருந்தவராம். பிள்ளைகள் அதில் பழகி வளர்ந்தவர்கள். மென்பொருள் 1990ல் விற்பனைக்கு வந்தது. ஆனால் லேயர் வந்தது 1994ல், மூன்றாம் பதிப்பில்தான். அதற்கு முன்னால் ஒரு படத்தின் மேல் இன்னொன்றை ஒட்டிவிட்டால் ஒட்டினதுதான், பிறகு நகர்த்த முடியாது. லேயர் வந்த பிறகு கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததுபோல் ஆயிற்று. எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், நகர்த்தலாம், மறைக்கலாம், அடியில் இருக்கும் படத்துக்குச் சேதமில்லை. நான் பயன்படுத்தும் ஜிம்ப்பை 1995ல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு பேர் ஆரம்பித்தார்கள். காசு கிடையாது. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் ஒரு பெரிய வசதி வந்தது: மங்கலாக்குவது, நிறம் மாற்றுவது போன்ற எஃபெக்ட்களைப் போட்ட பிறகும், ஃபைலை மூடித் திறந்த பிறகும்கூட, அவற்றைத் தனியாக எடுத்துவிடலாம் அல்லது கூட்டிக் குறைக்கலாம். டர்பென்டைன் தொட்ட பஞ்சு கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

சரி, பகிர்வது பற்றி.

ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் சங்கரன்கோவிலில் கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். சுற்றுக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் கோமதி அம்மனைப் பார்த்த கையோடு ஸ்டுடியோவுக்கும் வருவார்கள். மொட்டையடித்த குழந்தை, சந்தனம் காயாத தலை, பின்னால் ஏரியும் படிக்கட்டும் வரைந்த திரை. அப்படி எடுத்த ஒரு குடும்பப் படத்தை வைத்து நான் ஒரு பக்கம் செய்தேன். பக்கத்தின் அளவு 12 அங்குலத்துக்கு 12 அங்குலம். ஸ்கிராப்புக் செய்பவர்கள் உலகம் முழுக்க வைத்துக்கொள்ளும் அளவு அது. அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் 3600க்கு 3600 வரும். பின்னணிக்கு ஒரு பழைய நூல் சேலையின் கரையை ஸ்கேனர் கண்ணாடி மேல் விரித்து எடுத்தேன், அதில் இழை இழையாக நூல் தெரியும். மூலைக்கு, வாசலில் போட்ட கோலத்தைப் போட்டோ எடுத்துச் சேர்த்தேன்.

கோலத்தை வெட்டி எடுக்க வேண்டியதே இல்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. சாணம் தெளித்த தரை இருட்டாக இருக்கும், மாவு வெள்ளையாக இருக்கும். தரையை இன்னும் கறுப்பாக்கிவிட்டு, அந்த லேயரின் கலப்பு முறையை 'ஸ்கிரீன்' என்று மாற்றினால் கறுப்பு முழுக்க மறைந்து கோலம் மட்டும் மிதக்கும். மஞ்சளடித்த காகிதத்தில் மையால் எழுதிய கடிதம் என்றால் நேர் எதிர். காகிதத்தை வெளுத்துவிட்டு 'மல்டிப்ளை' போட்டால் வெள்ளை போய்விடும், எழுத்து மட்டும் சேலைத் துணியின் மேல் எழுதினது மாதிரி நிற்கும். அப்புறம் நிழல். ஒவ்வொரு துண்டுக்கும் மெல்லிய நிழல் கொடுத்தால்தான் காகிதம் காகிதத்தின் மேல் கிடப்பதாகக் கண் நம்பும். புதிதாகச் செய்பவர்கள் ஒன்றுக்கு இடப்பக்கமும் ஒன்றுக்கு வலப்பக்கமும் நிழல் விழவைப்பார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு சூரியன்தான். ஸ்டுடியோவில் விளக்கு வைத்துப் பழகினவர்களுக்கு இது சொல்லாமலே கைவரும்.

இந்தப் பக்கத்தை ஈப்போ டீச்சருக்கு அனுப்பினேன். முடிந்த படத்தை மட்டும் அனுப்பியிருந்தால் அவர் "ரொம்ப அழகு அக்கா" என்று ஒரு பூ போட்டு அனுப்பியிருப்பார், கதை முடிந்திருக்கும். நான் லேயரோடு கூடிய ஃபைலை அனுப்பினேன். அவர் அதைத் திறந்து, லேயர்களை ஒவ்வொன்றாக மறைத்தும் காட்டியும் பார்த்து, ஸ்கிரீன் எப்படி வேலை செய்கிறது என்று தானே கண்டுபிடித்து, என் கோலத்தை எடுத்துவிட்டு அவர் அம்மா போட்ட தீபாவளி ரங்கோலியை வைத்து, அவர் குடும்பப் படத்துக்கு வேறு பக்கம் செய்து எனக்கே திருப்பி அனுப்பினார். அதில் நிழலை அவர் எனக்குத் தெரியாத ஒரு விதத்தில் வளைத்திருந்தார், காகித நுனி சுருண்டு தூக்கியது மாதிரி. இப்போது நான் அதைக் கற்றுக்கொண்டேன். இதற்குத்தான் பகிர்வது. மஸ்கட் பெண் இரவுப் பணி முடித்து வந்து எங்கள் ஃபைல்களைத் திறந்து நோண்டுவதாகச் சொல்கிறார், தூக்கம் வருகிறவரைக்கும்.

அனுப்புகிற விதத்திலும் விஷயம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். 3600 புள்ளி போய்ச் சேரும்போது பாதிகூட இருக்காது. 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்து அனுப்பினால் உள்ளபடியே போகும். ஜேபெக் வகை ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும். நாலு கை மாறி வந்த படத்தில் முகத்தைச் சுற்றிக் கொசுக்கூட்டம் மாதிரி புள்ளிகள் நிற்பது அதனால்தான். தனித் துண்டுகளை, அதாவது கோலம், பூ, பிரேம் போன்றவற்றை, பி.என்.ஜி. வகையில் கொடுங்கள், பின்னணி இல்லாமல் வரும். இன்னொரு எச்சரிக்கை: டாக்குமெண்டாக அனுப்பும்போது, போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருந்தால் அதுவும் கூடவே போய்விடும். தெரிந்தவர்களுக்கு அனுப்பினால் பரவாயில்லை. பேரப்பிள்ளை பள்ளிக்கூட வாசலில் நிற்கும் படத்தை முன்பின் தெரியாத நூறு பேருக்கு அனுப்புவதற்கு முன்னால் அதை நீக்கிவிடுங்கள்.

எழுத்துரு ஒரு பெரிய தலைவலி. கோவில்பட்டி தம்பி பிரஸ்காரர் என்பதால் பாமினி என்கிற பழைய எழுத்துருவில்தான் தட்டச்சு செய்வார். அவர் அனுப்பிய பக்கத்தை நான் திறந்தால் "அன்பு மகளுக்கு" என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் இறைந்து கிடக்கும், ஏனென்றால் என்னிடம் அந்த எழுத்துரு இல்லை. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு முறையில் இருந்தால் எழுத்துரு மாறினாலும் தமிழாவது தமிழாகத் தெரியும். அதிலும் போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பை மாற்றாவிட்டால் 'கொ'வின் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். கல்யாண ஆல்பங்களில் எத்தனை மணமக்களின் பெயரை இப்படிக் கொம்பு மாற்றி அச்சடித்திருக்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜிம்ப்பில் இந்தத் தொல்லை இல்லை. மீரா இனிமை, முக்த மலர், பாலூ தம்பி, நோட்டோ சான்ஸ் தமிழ் என்று நல்ல யூனிகோடு எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை ஃபைலோடு சேர்த்தே அனுப்பலாம், சட்டப்படி தடையில்லை. காசு கொடுத்து வாங்கிய எழுத்துருவை அப்படி அனுப்ப முடியாது.

உரிமை என்று பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்குக்குப் பெரிய சந்தை உண்டு. அங்கே வரலாறும் நீளம். எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873லேயே, பசை தடவிக் காயவைத்த பக்கங்கள் உள்ள ஸ்கிராப்புக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார், தண்ணீர் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கு அங்கே பின்னணித் தாள், பூ, ரிப்பன், பொத்தான் எல்லாம் சேர்த்து 'கிட்' என்று விற்கிறார்கள். இலவசமாகத் தருகிறவர்களும் நிறைய. ஆனால் கூடவே ஒரு சின்ன எழுத்து ஃபைல் இருக்கும், 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று. நம் ஆட்கள் முதலில் அழிப்பது அந்த ஃபைலைத்தான். எங்கள் கூட்டத்தில் ஒருவர் பாடுபட்டு வரைந்த கோலச் சட்டத்தை, பெயரை வெட்டிவிட்டு, கல்யாண ஆல்பம் செய்யும் ஒரு கடை தன் சொந்த டிசைனாக விற்றுக்கொண்டிருந்தது. அவர் சண்டைக்குப் போகவில்லை, ஆனால் அதன் பிறகு யாருக்கும் எதையும் அனுப்புவதை நிறுத்திவிட்டார். ஒரு கடை சம்பாதித்த சில ஆயிரம் ரூபாய்க்காக நாங்கள் எல்லோரும் ஒரு நல்ல கையை இழந்தோம்.

குடும்பப் படங்களின் உரிமை பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். ஆகவே உங்கள் அப்பா அம்மா கல்யாணப் படத்தை நீங்கள் ஸ்கேன் செய்து அலங்கரிப்பதற்கு ஸ்டுடியோக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை. ஸ்டுடியோக்காரி நானே சொல்கிறேன். ஆனாலும் பழைய படத்தின் பின்னால் ஸ்டுடியோவின் ரப்பர் முத்திரை இருந்தால் அந்தப் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஊர், கடைப் பெயர், சில சமயம் நம்பர், தேதி எல்லாம் அதில் இருக்கும். என் ஸ்கிராப்புக்கில் நான் முதலில் வைக்கும் அலங்காரமே அந்த முத்திரைதான், எந்த கிட்டிலும் கிடைக்காது.

இப்போது எந்தச் செயலி நல்லது என்று கேட்டவருக்கு வருகிறேன். 2025 செப்டம்பரில் கூகுளின் ஜெமினியில் நம் படத்தைக் கொடுத்து, பழைய சினிமாக் கதாநாயகி மாதிரி சேலை கட்டவைக்கும் விளையாட்டு ஊர் முழுக்க ஓடியது. என் பேத்தியும் செய்தாள், நன்றாகத்தான் இருந்தது. விளையாட்டை விளையாட்டாகச் செய்வதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஒரே தொடுதலில் நிறம் கொடுப்பதும், மங்கின முகத்தைத் தெளிவாக்குவதும் வேறு விஷயம். கறுப்பு வெள்ளைப் படத்துக்குள் சேலையின் நிறம் ஒளிந்து கிடக்கவில்லை. இயந்திரம் ஊகிக்கிறது. என் மாமியாரின் மாம்பழ நிறப் பட்டுச் சேலையை அது ஊதாவாக்கிக் கொடுத்தது. அவர் ஊதாவே உடுத்த மாட்டார்.

குங்குமத்தைப் பாருங்கள். அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமாடிக் பிளேட்டும் பிலிமும் சிவப்பு ஒளியை உணராதவை. இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு அவற்றைக் கழுவ முடிந்ததும் அதனால்தான். அப்படிப்பட்ட பிலிமில் சிவப்பெல்லாம் கறுப்பாக விழும். ஆகவே மிகப் பழைய படங்களில் பாட்டிமார் நெற்றியில் இருக்கும் கறுப்புப் பொட்டு குங்குமமாகவே இருக்கலாம். செயலி அதைக் கறுப்பாகவே விட்டுவிடும், வெற்றிலைச் சிவப்பேறிய உதட்டைக் கருத்த உதடு என்று எடுத்துக்கொள்ளும். வீட்டில் இருக்கிற பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, தனி லேயரில் மெல்லிய சிவப்பைத் தொட்டு வைத்தால் சரியாக வரும். நாங்கள் தூரிகையால் கலர் போட்டபோதும் வாடிக்கையாளரிடம் சேலை நிறத்தைக் கேட்டு உறையின் மேல் எழுதி வைத்துக்கொண்டுதான் போட்டோம்.

முகத்தைத் தெளிவாக்கும் செயலிகள் அதைவிட மோசம். கல்யாண குரூப்பில் பின்வரிசையில் கடுகளவு தெரியும் முகத்தில் கண்ணும் பல்லும் பதிவாகியிருக்கவே இல்லை. இல்லாததை அது புதிதாக வரைந்து கொடுக்கிறது. பார்த்தால் பளிச்சென்று இருக்கும், ஆனால் அது உங்கள் சித்தப்பா இல்லை, யாரோ ஒருவர். எங்கள் தெருவில் ஒரு அம்மாள் மறைந்த தன் அண்ணனின் ஒரே படத்தை ஒரு கடையில் தெளிவாக்கக் கொடுத்தார். வந்த படத்தைப் பார்த்து, "அண்ணன் மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது" என்றார். மூலப்படத்தைத் திருப்பிக் கேட்டால் கடையில் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே, கேட்ட வாசகருக்கு என் பதில்: எந்தச் செயலியையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கைவைக்காத ஸ்கேன் ஒன்றை எடுத்துத் தனியாக வையுங்கள். சின்னப் படம் என்றால் அங்குலத்துக்கு 600 புள்ளி, டிஃப் வகையில். ஒட்டும் ஆல்பத்தில் பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் மாட்டிக்கொண்ட படமா, பிய்க்காதீர்கள். பல் இடுக்கில் விடுகிற மெல்லிய நூலைப் படத்துக்கு அடியில் கொடுத்து ஆட்டி ஆட்டி எடுக்கலாம். அதற்கும் வரவில்லை என்றால் பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். அந்தப் பசை மஞ்சளடித்து வரிவரியாகப் படத்தையே தின்றுவிடும், தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். இன்றைக்கு எல்லாச் செயலியிலும் 'செபியா' என்று ஒரு எஃபெக்ட் இருக்கிறது, நேற்று எடுத்த படத்தைப் பழசாக்கிக் காட்ட. அசலில் அது படம் பழசாகாமல் இருக்கச் செய்த வேலை. பிரிண்டில் இருக்கும் வெள்ளியை மருந்தில் போட்டு வெள்ளி சல்பைடாக மாற்றினால் பழுப்பு நிறம் வரும், அது சாதாரண வெள்ளியைவிட நெடுநாள் மங்காமல் நிற்கும். வீட்டில் அந்தக் காலத்துப் பழுப்புப் படம் ஒன்று இன்னும் தெளிவாக இருந்தால், யாரோ ஒருவர் சோம்பல்படாமல் கூடுதலாக ஒரு தொட்டி மருந்து கலக்கியிருக்கிறார் என்று அர்த்தம்.

வெள்ளி என்றதும் இன்னொன்று. டிஜிட்டல் வந்து ஸ்டுடியோக்கள் மூடத் தொடங்கியபோது, பிலிமிலிருந்து வெள்ளி எடுப்பவர்கள் எக்ஸ்ரே பிலிமோடு சேர்த்து நெகட்டிவையும் எடைக்குக் கேட்டு வந்தார்கள். பல ஊர்களில் கொடுத்தும்விட்டார்கள், இடம் அடைக்கிறது என்று. எத்தனை ஊர்களின் மொட்டைத் தலைகளும் மாலை மாற்றல்களும் அப்படிக் கரைந்து போயினவோ. புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களைத் தேடிப் போய் 1880 முதல் 1980 வரையிலான படங்களை டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறது. அவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் எல்லா வீட்டு டிரங்குப் பெட்டியையும் அவர்களால் திறந்து பார்க்க முடியாது. அதை வீட்டுக்கு ஒருவர் செய்யலாம். ஸ்கிராப்புக் ஆசையில் ஸ்கேனரைத் தொடுகிற ஒருவர், தெரிந்தோ தெரியாமலோ அந்த வேலையைத்தான் செய்கிறார், மூலத்தைத் தொடாமல் வைத்தால்.

இனி என் வேண்டுகோள். உங்கள் இணைப்பில் வாசகர்களின் பழைய படங்களைப் போடுகிறீர்கள். சிலது நிறமூட்டியவை, சிலது இயந்திரம் முகம் வரைந்தவை என்பது பார்த்தாலே எனக்குத் தெரிகிறது. எல்லோருக்கும் தெரியாது. படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி போடுங்கள்: யார் எடுத்தது அல்லது எந்த ஸ்டுடியோ, ஏறக்குறைய எந்த வருடம், என்ன திருத்தம் செய்தது. "நிறம் ஊகம்" என்று இரண்டு சொல் போதும். அலங்கரித்த பக்கத்தை வெளியிட்டால் பக்கத்திலேயே மூலப்படத்தைத் தபால்தலை அளவுக்காவது போடுங்கள். இடம் இல்லை என்பீர்கள். ராசிபலனில் ஒரு ராசிக்கு ஒரு வரி குறைத்தால் இடம் வந்துவிடும்.

என் பங்குக்கு, எங்கள் தெரு வாசல்களில் எடுத்த கோலங்களும், சேலைக் கரைகளும், பழைய ஆல்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் நடுவில் இருக்குமே சிலந்திவலை போட்ட மெல்லிய தாள், அதன் ஸ்கேனும் சேர்த்து ஒரு தொகுப்பாக்கி வைத்திருக்கிறேன். லேயரோடு கூடிய மாதிரிப் பக்கம் ஒன்றும், எதை எங்கே மாற்றுவது என்று தமிழில் எழுதிய குறிப்பும் அதில் உண்டு. கோலம் போட்டவர்கள் எல்லோரிடமும் கேட்டுத்தான் எடுத்தேன். ஒரு பாட்டி மட்டும், புள்ளி ஒன்று தவறிவிட்டது, மறுநாள் சரியாகப் போட்டுத் தருகிறேன், அதை எடுத்துக்கொள் என்றார். இரண்டையும் வைத்திருக்கிறேன். உங்கள் அலுவலகத்துக்குப் பென் டிரைவில் அனுப்பிவைக்கிறேன், கேட்கும் வாசகர்களுக்குக் கொடுங்கள். மாற்றலாம், வெட்டலாம், பிறருக்கும் கொடுக்கலாம். விற்கக் கூடாது. கூடவே இருக்கும் அந்தச் சின்னக் குறிப்பு ஃபைலையும் அழிக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஸ்டுடியோக்காரர் வீட்டு வாசகி,
சங்கரன்கோவில், தென்காசி மாவட்டம்.